சிரட்டையில் வளர்ந்த பூசணி

பூசணி வெப்ப நிலத்துப் பயிர். மண் 15 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்து கிடக்குமாயின் அதன் விதை முளைப்பது அரிது. ஈரத்தில் ஊறி அழுகிப்போகும். ஆறாயிரம் அடி உயரத்து நுவரெலியாவிலே, தை மாசி வைகறைகளில் புல்நுனியில் உறைபனி படரும் மண்ணிலே, பூசணி வளர்ப்பதற்குத் தனிக் கல்வி வேண்டும். அக்கல்வியை நாம் பெற்றது பல்கலைக்கழகத்தில் அன்று. வெயில் காயும் பூவரசங்குளத்தில், எமது மாணவி ஒருத்தியின் பாட்டியிடம்.

1977 ஆகத்து வன்செயலின்பின் மலையகத்தைவிட்டு வவுனியாப் பக்கம் வந்த குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. பாடசாலைத் தோட்டத்துக்கு நாற்றுக் கேட்டுச் சென்ற எமக்கு அவர் முறையையே சொல்லித் தந்தார். விதையை இளஞ்சூட்டு நீரில் ஓரிரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, அடுப்பின் கதகதப்புப் படும் இடத்தில் வைப்பார்களாம். வெண்முளை தலைகாட்டியதும், அடியிலே துளையிட்ட சிரட்டையில் மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பி ஊன்றுவார்கள். பகலில் லயத்து இஸ்தோப்பின் வெயில். இரவில் மறுபடியும் அடுப்பங்கரை. இரண்டு மெய்யிலைகள் விரிந்தபின் ஒரு வாரம் சிறிது சிறிதாக வெளிக்காற்றுக்குப் பழக்கி, முகில் மூடிய மாலையொன்றில், மண்கட்டி உடையாமல் குழியில் இறக்குவார்கள். மிளகாயும் கத்தரியும் பிடுங்கி நட்டாலும் பொறுத்துக்கொள்ளும். பூசணி வேர் அறுந்தால் பொறுக்காது.

"நாளக் கடத்திறாதீங்க மாஸ்டர். செரட்டைக்குள்ளயே வேரு சுத்திக்கிச்சுன்னா, அப்புறம் எந்த மண்ணுல வச்சாலும் சீக்கிரம் ஏறாது" என்றார்.

வன்னியிலே இத்தனை பாடு எதற்கு? ஐப்பசி மழை விழுந்ததும் குழியில் நேரே விதையிட்டால் ஆயிற்றே என்று கேட்டோம். இங்கே பகை குளிரன்று, தண்ணீர்ப் பஞ்சமும் வித்திலையைச் சல்லடையாக்கும் செவ்வண்டுமே என்றார் அவர். புரட்டாதி வறட்சியில் ஒரு செம்பு நீர் இருபது சிரட்டைகளுக்குப் போதும். வண்டு வராமல் நிழலில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். மழை வரும்போது செடி மூன்று வாரம் முந்தி நிற்கும். குளிரை வெல்லக் கண்ட உபாயம் வறட்சியை வெல்லவும் உதவிற்று. உழைப்பாளரின் அறிவு இவ்வாறு ஊர்விட்டு ஊர் நடக்கிறது. பாடநூல் எழுதுவோர் அதனைக் காண்பதேயில்லை.

இத்துணை வித்தை கைவரப்பெற்றோருக்கு மலையிலே சொந்தமாக ஒரு பிடி மண் இருந்ததா? காப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுள் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவராக்கிற்று. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. இடையிலே 1973, 74ஆம் ஆண்டுகளின் பட்டினி, 1977இன் தீ. வன்னிக்கு வந்தவர்களைக் குடியமர்த்த உழைத்த காந்தியத்தின் மருத்துவர் இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார்.

இவ்வளவுக்கும் பிறகு எமது வகுப்பறையிலேயே ஒரு பையன் அச்சிறுமியைத் "தோட்டக்காட்டாள்" என்றழைத்தான். அச்சொல்லை அவன் தானே கண்டுபிடிக்கவில்லை, வீட்டில் கேட்டிருப்பான். நாம் அவனை அடிக்கவில்லை. மறுநாட் பாடத்தைப் பூசணியிலே தொடங்கினோம். மெக்சிக்கோவின் குகையொன்றில் ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழைமையான பூசணியின விதைகள் கிடைத்தன என்றும், நாம் உண்ணும் சர்க்கரைப்பூசணி 1492இன் பின்னர் ஐரோப்பியக் கப்பல்களின் வழியே கடல் கடந்து வந்ததென்றும் சொன்னோம். மிளகாயும் அவ்வழியே வந்தது என்றதும் வகுப்பு நம்ப மறுத்தது. வன்னியான் மிளகாயை வந்தேறி என்பானா? பையன் தலை நிமிரவில்லை. சிரட்டைகளுக்கு நீர் வார்க்கும் முறையை அவனுக்கும் அச்சிறுமிக்கும் சேர்த்தே கொடுத்தோம். முதல் மூன்று நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நாலாம் நாள் வண்டு பிடிப்பதில் சண்டை போட்டார்கள்.

ஐப்பசி நடுவில் பதினாறு நாற்றுகளை நட்டோம். இரண்டை மாடு தின்றது. மார்கழியில் பிஞ்சு பிடித்தபோது பாட்டி வந்து பார்த்தார். அன்று காலையும் காணி உறுதிக்காக ஓர் அலுவலகத்துக்குப் போய், அடுத்த மாதம் வரும்படி சொல்லப்பட்டுத் திரும்பியிருந்தார். அந்தக் காணியில் அவர் குடியேறி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன.