இதயத்தில் ஒரு டர்க்காய்ஸ்

அயர்லாந்தின் கால்வே நகரை ஒட்டியிருந்த மீனவக் குப்பம் கிளாடா. இரண்டு கைகள் ஒரு இதயத்தை ஏந்த, மேலே கிரீடம் வைத்த மோதிரத்துக்கு அந்த ஊர்ப் பெயர்தான். கைகள் நட்பு, இதயம் காதல், கிரீடம் விசுவாசம். வலது கையில் இதயத்தின் முனை விரல் நுனியைப் பார்த்தால் ஆள் தனி. மணிக்கட்டைப் பார்த்தால் மனசு பறிபோயாச்சு. (ரிலேஷன்ஷிப் ஸ்டேட்டஸுக்கெல்லாம் பாட்டன்!)

இதயத்தில் பச்சைக்கல் பதித்ததைத்தான் பலர் தேடுவார்கள். எனக்கென்னவோ வெள்ளியில் நீல டர்க்காய்ஸ்தான். அது அயர்லாந்துக் கல் இல்லை. ஈரானின் நிஷாப்பூர்தான் அதற்குப் பேர்போன ஊர். இருக்கட்டுமே.

வாங்கும்போது உள்பக்கம் வெள்ளிக்கான 925 முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஹவ்லைட் என்ற வெள்ளைக் கல்லுக்கு நீலச் சாயம் ஏற்றி டர்க்காய்ஸ் என்று விற்கிறார்கள். பிசின் ஏற்றிக் கெட்டிப்படுத்திய கல்லா என்றும் கேளுங்கள். பிசின் ஏற்றுவது தப்பில்லை, சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

மோஸ் அளவுகோலில் டர்க்காய்ஸின் கடினத்தன்மை 5 முதல் 6 வரைதான். நுண்துளைகள் வேறு. எண்ணெய், சென்ட், கிரீம் எதையும் குடித்துவிட்டு நாளடைவில் பச்சையடிக்கும். தலைக்கு எண்ணெய் வைக்கும் முன் கழற்றிவிடுங்கள். அல்ட்ராசோனிக் மெஷின் பக்கமே போகாதீர்கள். ஈரத்துணியால் ஒரு துடைப்பு, உடனே உலர்ந்த துணி, போதும்.