மானியமும் மடையும்

விழா மலரிலே தம் தொழில் பற்றி எழுதப் புகுவோர் அத்தொழிலின் பெருமையை எடுத்துரைத்தல் வழக்கம். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ பெருமை பேசுதற்கு உரியதன்று. படிவம் நிரப்புதலும், படம் வரைதலும், கணக்குக் கூட்டுதலுமே அதன் உடம்பு. அகலக்கற்றை இணையத்தை நாட்டுப்புறங்களுக்குக் கொண்டுசெல்லும் கம்பனிகளுக்கு அரசாங்கம் மானியம் அளிப்பதுண்டு. அம்மானியத்தைப் பெறுதற்கு அக்கம்பனிகள் எவ்வாறு ஆயத்தமாதல் வேண்டும் என்பதே எம் பொருள். கல்முனைக் கரையிலே அத்தகைய ஆயத்தப் பணிகளுக்குச் சில ஆண்டுகள் கைகொடுத்து வந்தோம் என்பது ஒன்றே இதனை எழுத எமக்குள்ள தகுதி. இப்படிவங்களின் பின்னால் ஒரு பெரிய நீதி மறைந்து நிற்கின்றது. அதனை எம் பழைய மாணவத் தோழரும், இன்று வகுப்பில் இருக்கும் தம்பியரும் அறிதல் வேண்டுமென்பது எம் அவா.

வயலும் வாய்க்காலும் அறிந்த எம் மாகாணத்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. 1949 ஆம் ஆண்டிற் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில் அணை எழுந்தது. சேனாநாயக்க சமுத்திரம் என்னும் பெருநீர்த்தேக்கம் உருவாயிற்று. நீர் நிறைந்தது, ஆயின் எல்லார் வயலும் நனையவில்லை. இடதுகரை வாய்க்காலின் மேல்மடையில் இருந்தோர் வேண்டிய மட்டும் பாய்ச்சினர். கடைமடையில் இருந்தோர், அவருட் பலர் தமிழ் பேசுவோர், வரண்ட வாய்க்காலைப் பார்த்திருந்தனர். 1981 இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளைஞர் சிலரை அவ்வயல்வெளிகளுக்கு அனுப்பின. அவர்கள் வயற்காரரோடு வயற்காரராய் இருந்து, வாய்க்கால் தோறும் குழுக்களை அமைத்தனர். அவ்வாண்டு நீர்த்தேக்கத்தில் நீர் குறைவு. எனினும், மேல்மடைச் சிங்கள விவசாயிகள் முறை வைத்து நீரைச் சேமித்துக் கடைமடைக்கு விட்டுக்கொடுத்தனர். கடைமடையில் இருப்பவன் யார், அவன் வயல் எத்துணை ஏக்கர், அவனுக்கு எந்நாள் நீர் வேண்டும் என்பதை ஒருவர் சென்று கேட்டறிந்தமையே அம்மாற்றத்தின் தொடக்கம். மானியப் பணமும் நீரைப் போன்றது. மடை வெட்டாவிடின் அருகிலுள்ள வயலிலேயே தேங்கிவிடும்.

அப்பணம் எங்கிருந்து ஊறுகின்றது? இலங்கையிலே வெளிநாட்டுத் தொலைபேசிச் சேவையின் தனியுரிமை 2002 இல் முடிவுற்றது. அடுத்த ஆண்டிலே புதிய கம்பனிகளுக்கு உரிமம் வழங்கப்பட்டபொழுது, வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளின் நிமிடக் கணக்கின்மீது ஓர் அறவீடு விதிக்கப்பட்டது. நாட்டுப்புறங்களில் வலையமைப்பைப் பரப்புதற்கென அதில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. வளைகுடா நாடுகளில் வெயிலிலே உழைக்கும் எம் கரையோர இளைஞர் எத்துணை பேர்! அவர்கள் வாப்பாவிடமும் உம்மாவிடமும், அப்பாவிடமும் அம்மாவிடமும் நலம் விசாரித்த ஒவ்வொரு நிமிடமும் அந்நிதியில் ஒரு துளியாயிற்று. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 2021 அளவில் ‘கமட்ட சன்னிவேதனய’ என்னும் திட்டத்தை இரத்தினபுரி மாவட்டத்தில் தொடங்கிற்று. கோபுரம் எழுப்பும் செலவில் ஒரு பங்கை ஆணைக்குழு ஏற்க, எஞ்சியதைக் கம்பனிகள் ஏற்பதே அதன் ஒழுங்கு. அப்பங்கும் அவ்வறவீட்டின் வழி வந்ததே. ஆதலின் இம்மானியம் அரசாங்கத்தின் கருணையன்று; மக்கள் குரல் ஈட்டிய பணம். அக்குரல் இன்று இணையவழியே செல்வதால் பழைய அழைப்புகள் உலகெங்கும் அருகி வருகின்றன. அவற்றின்மீது விதித்த அறவீடும் சுருங்கவே செய்யும். ஊற்றுச் சுருங்குங் காலத்தில் ஒரு துளியும் வீணாதல் தகாது.

மானியம் ஏன் வேண்டும் என்பதையும் ஈண்டுச் சொல்லுதல் நன்று. மருதமுனை தொடங்கிப் பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் வரை, கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றிட்டிலே மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். அங்கே சிறிது தூரம் ஒளியிழையை இழுத்தாலும் பல வீடுகளின் வாசலைத் தொடலாம். மேற்கே கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து நாவிதன்வெளிப் பக்கம் சென்றால், அதே நீள இழை சில வீடுகளையே தொடும். இடையில் இருப்பன வயல்களே. கம்பனிக்காரர் கணக்குப் பார்த்துத் தயங்குவது கொடுமையன்று, வாணிக இயல்பு. அக்கணக்கில் விழும் பள்ளத்தை நிரப்புவதே மானியம். மிகக் குறைந்த மானியத்தைக் கேட்பவருக்கே பணியை அளித்தல் என்னும் முறையைச் சிலி நாடு 1994 இல் அமைத்த நிதியத்தின் வாயிலாகக் கையாண்டு, ஆயிரக்கணக்கான சிற்றூர்களுக்குப் பொதுத் தொலைபேசியைக் கொண்டுசென்றது. பின்னர்ப் பல நாடுகள் அவ்வழியைப் பின்பற்றின.

இனி, ஆயத்தம் எனப்படுவது யாது? முதலாவது, படம். மாவட்டத்துக்கு ஒரு சராசரி, பிரதேச செயலாளர் பிரிவுக்கு ஒரு சராசரி என்று எழுதுதல் எளிது. ஆயின் கரையோரத்தின் நிறைவு உள்ளூரின் குறைவை அச்சராசரியில் மறைத்துவிடும். ஆகவே கிராம உத்தியோகத்தர் பிரிவு தோறும், இயலுமாயின் வீதி தோறும், அளத்தல் வேண்டும். வீட்டு வாசலில் நின்று அளந்தாற் போதாது. வீட்டினுள்ளே, இரவு ஏழு மணிக்குப் பிள்ளைகள் படிக்கும் நேரத்தில் அளந்தாலன்றி உண்மை தெரியாது. ஆற்றுக்கு அப்பாலுள்ள ஊரொன்றில் யாம் அளவை எடுத்துக்கொண்டிருந்தபொழுது, முதிய முஸ்லிம் விவசாயி ஒருவர் அருகில் வந்து நின்றார்.

“தம்பி, இதுக்கு முந்தியும் ஆக்கள் வந்து எழுதிக்கொண்டு போனவங்க. எங்கட பேத்தி படிக்கிறதுக்கு இன்னும் அந்த வம்மி மரத்தடிக்குத்தான் போறா. இந்த முறை சரி வருமா?” என்றார்.

“காக்கா, வரும் எண்டு சொல்ல எங்களுக்கு அதிகாரமில்ல. ஆனா உங்கட ஊர் பேர் கடதாசியில இருக்கும்” என்றோம்.

“அதுவே பெரிய காரியம் தம்பி” என்று அவர் சொன்ன சொல், ஆயத்தம் என்பதன் பொருளை எமக்கு எந்த வழிகாட்டி நூலினும் தெளிவாக உணர்த்திற்று. 2020 இற் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபொழுது, வலையெட்டாத ஊர்களின் பிள்ளைகள் பாறைமீதும் மரத்தின்மீதும் ஏறிப் பாடங் கேட்டதை நாடறியும். படத்தில் இல்லாத ஊருக்கு மானியமும் இல்லை.

இரண்டாவது, கைம்முதல். மானியம் செலவு முழுவதையும் ஏற்பதில்லை. வேலை நடந்த பின்னரே தவணை தவணையாக வருவதும் உண்டு. ஆகையால், தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளும், வங்கியின் உறுதிப் பத்திரமும் கேள்விப்பத்திரம் வெளிவருமுன்னரே கையில் இருத்தல் வேண்டும். செல்வம் மிகுந்த அமெரிக்காவிலும் இது பெரும் இடராயிற்று. அங்கே 2021 இல் அகலக்கற்றைக்கென 4,245 கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. மானியத் தொகையின் நாலிலொரு பங்குக்கு வங்கி உறுதி காட்டுக என்று விதித்தபொழுது, சிறு கம்பனிகளும் ஊர்க் கூட்டுறவுகளும், தம் முதல் முழுவதும் வங்கியிலே முடங்கிவிடும் என முறையிட்டன. 2023 நவம்பரில் அவ்விதி தளர்த்தப்பட்டது. சிறியோர் சேர்ந்து, கணக்கோடு முறையிட்டமையாலேயே விதி இளகிற்று என்பதை எம்மவர் கருத்திற் கொள்ளுக.

மூன்றாவது, வாக்கின் அளவு. மானியத்தைப் பெறும் ஆவலில் இயலாததை ஏற்றுக்கொள்ளுதல் பெருந்தீங்கு. அதே அமெரிக்காவில், 2020 இல் நடந்த ஏலமொன்றிற் பத்தாண்டுகளுக்கு 920 கோடி டொலர் மானியம் பங்கிடப்பட்டது. வென்றோருட் சிலர் தாம் சொன்ன வேகத்தைத் தர வல்லரோ என்னும் ஐயம் எழுந்தது. 2022 ஆகஸ்டில் எல்.ரி.டி. என்னும் கம்பனியினதும் விண்மீனிணையமாகிய ஸ்ரார்லிங்கினதும் விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன. இதனால் நட்டம் கம்பனிக்கு மட்டுமன்று. ஓர் ஊர் ஒருவருக்கு ஒதுக்கப்பட்டு நிற்குங் காலத்தில் மற்றவர் அதனை நாடார்; அவ்வூர் மேலும் சில ஆண்டுகள் காத்திருக்க நேரிடும். குறைவாக வாக்களித்து நிறைவாகச் செய்பவனே ஊருக்கு நண்பன்.

நான்காவது, இசைவு. கோபுரத்துக்கு நிலம் வேண்டும். வீதியோரம் குழி வெட்ட அனுமதி வேண்டும். கம்பத்தில் இழையைத் தொங்கவிட உடன்பாடு வேண்டும். இவை ஒவ்வொன்றும் ஒவ்வோர் அலுவலகத்தில் உள்ளன. அவற்றிலும் மேலானது மக்களின் இசைவு. கோபுரத்தின் கதிர் நோய் தரும் என்னும் அச்சம் எம் ஊர்களில் உண்டு. அதனை நகைத்துத் தள்ளுதல் அறிவுடைமையன்று. பள்ளிவாசல் நிருவாகத்தாரையும் கோயில் வண்ணக்கரையும் ஒருங்கே அமர்த்தி, அளவுகளைத் தமிழில் எடுத்துக்கூறுதல் வேண்டும். பத்திரங்களோ ஆங்கிலத்தில் வருகின்றன. ஊராரின் சொல்லை அப்பத்திரத்துக்கும், பத்திரத்தின் நிபந்தனையை ஊராரின் மொழிக்கும் மாற்றவல்லோர் வேண்டும். இக்கரையிலே காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குதற்கு உழைத்தார்கள். அவ்வுழைப்பின் பயன் இத்தகைய ஊர்க்கூட்டங்களிலே நன்கு விளங்கும். ஆற்றின் இருமருங்கும் தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் இந்நிலத்தில், ஒரு கோபுரத்தின் அலை இரு சாராரின் வீட்டுக்குள்ளும் ஒருங்கே புகும். அதனை எழுப்பும் பேச்சும் ஒருங்கே நடத்தல் தகும்.

ஐந்தாவது, பேணல். இதுவே பெரிதும் மறக்கப்படுவது. இக்கரையின் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். மாரியில் வெள்ளம் தாம்போதியை மூடும். 1978 நவம்பர்ச் சூறாவளியையும், 2004 டிசம்பர் 26 ஆம் நாட் கடற்கோளையும் கண்ட மண் இது. 2022 மார்ச் மாதத்தில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றபொழுது, டீசலும் கிடைக்காத நிலையில் கோபுரங்களை இயக்குதல் எத்துணை அரிதாயிற்று என்பதை யாவரும் அறிவர். ஆதலின், மின்கலம் எத்துணை மணி நேரம் தாங்கும், பழுது பார்ப்பவன் எங்கே வசிக்கின்றான், வெள்ளத்தில் அவன் எவ்வழி வருவான் என்பன விண்ணப்பத்திலேயே எழுதப்படல் வேண்டும். இந்தியாவின் அநுபவம் இதற்குச் சான்று. அங்கே 2011 இல் இரண்டரை இலட்சம் கிராமப் பஞ்சாயத்துகளை ஒளியிழையால் இணைக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. பாரத்நெற் என்பது அதன் பிற்பெயர். தமிழ்நாட்டில் மட்டும் 12,525 ஊராட்சிகள் அதில் அடங்கும். குறித்த காலத்தில் அது முற்றுப்பெறவில்லை. இழை சென்ற இடங்களிலும் பேணுவார் இன்மையால் தொடர்பு அறுவதுண்டு. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபா மதிப்பில் அத்திட்டம் திருத்தியமைக்கப்பட்டபொழுது, பத்தாண்டுக்காலப் பேணலும் அதில் இடம்பெற்றது. ஓரிடத்தில் இழை அறுந்தாலும் மறுவழியே தொடர்பு நிற்குமாறு வளையமாக இணைக்கும் முறையும் சேர்க்கப்பட்டது.

எம் அநுபவத்தில் மனத்தை உறுத்தும் செய்தியொன்றையும் மறையாது கூறுவோம். ஒருமுறை, யாம் உதவி செய்த கம்பனியொன்றின் மேலிடத்தார், ஆற்றுக்கு அப்பாலுள்ள ஊர்களைப் பட்டியலினின்றும் நீக்குமாறு பணித்தனர். அவ்வூர்களின் கணக்கை நிறுவுதல் கடினம் என்பதும், கரையோர ஊர்களின் விவரம் கையிலேயே உள்ளது என்பதும் அவர் கூறிய காரணங்கள். கரையோரத்தாருக்கோ முன்னரே சேவை உண்டு. அவர்களுக்கு அது இரண்டாம் வாய்க்கால். யாம் மறுத்துரைத்தோம். இரண்டு கிழமை அவகாசம் கேட்டு, கிராம உத்தியோகத்தரின் குடித்தொகைப் பதிவையும், அதிபர்களின் மாணவர் தொகையையும், எம் அளவைகளையும் ஒன்றுசேர்த்து முன்வைத்தோம். விண்ணப்பம் அவ்வூர்களோடேயே சென்றது. பயன் எத்துணை என்பது வேறு பேச்சு. ஆயின் அவ்விரண்டு கிழமைகளில் யாரும் வயலோரம் நடந்திராவிடின், அவ்வூர்கள் மறுக்கப்படவும் மாட்டா, ஏற்கப்படவும் மாட்டா. அவை இருந்ததே எவருக்கும் தெரிந்திராது. மானியம் தேவையுடையவனைத் தேடிச் செல்வதில்லை. ஆயத்தமுடையவனையே தேடிச் செல்கின்றது. இவ்விருவரையும் ஒருவராக்குதலே எம்போன்றோர் கடன்.

இக்கடனைத் தனி ஒருவர் ஆற்றல் அரிது. எம் கல்லூரி ஈன்ற மைந்தருள் பொறியியலாளர் உளர், கணக்காளர் உளர், சட்டத்தரணிகள் உளர், அதிபர்களும் கிராம உத்தியோகத்தரும் உளர். ஒவ்வொருவரும் தம் ஊருக்காக ஆண்டில் இரண்டு நாளை ஒதுக்குவராயின், எந்தக் கம்பனி வந்து கேட்டாலும் ஊரின் உண்மைப் படத்தை எடுத்து நீட்டலாம். மாணவத் தம்பியரே, புவியியற் பாடத்திலே நீவிர் வரையும் படங்களுள் ஒன்று உங்கள் ஊரின் இணைய அலைவலிமைப் படமாக இருக்கட்டும். எங்கே எட்டுகின்றது, எங்கே எட்டவில்லை, எந்த வீட்டுப் பிள்ளை எந்த மரத்தடிக்குப் போகின்றது என்று குறித்து வையுங்கள். ஆசிரியப் பெருந்தகைகள் அப்படங்களைக் கல்லூரி நூலகத்திலே பேணி, ஆண்டுதோறும் புதுப்பிக்கச் செய்வார்களாக.

விழாக் காணும் கல்லூரி அன்னை எமக்கு எழுத்தறிவித்தாள். கடைமடையில் இருப்போரின் பெயரைத் தப்பாது எழுதுதற்கு அவ்வெழுத்துப் பயன்படுமாயின், அதுவே யாம் அவளுக்குச் செலுத்தும் காணிக்கை. அன்னை நீடு வாழ்க.