விழித்திருக்கும் கண்

கல்லறைத் திருநாள் மாலையில் பெருந்துறையில் அன்னையின் கல்லறைமீது மெழுகுதிரி ஏற்றும்போதெல்லாம் உள்ளத்தில் ஓர் உறுத்தல் எழும். அன்னை இறந்த இரவில் நாம் மருத்துவமனையில் அவர் அருகிலேதான் இருந்தோம், உறங்கிவிட்டோம். கெத்சமனித் தோட்டத்தில் உறங்கிய சீடர் மூவரை அதன்பின் நாம் குறைகூறியதில்லை.

இவ்வாண்டு சிப்காட் விளக்கொளியில் மங்கித் தெரிந்த விண்மீன்களைப் பார்த்தவாறு, உடன் நின்ற அக்காவிடம் அண்மையில் படித்த செய்தியொன்றைச் சொன்னோம். பெருவிண்மீன் ஒன்று தன்னுள்ளே இடிந்து மடியும்போது காமாக் கதிர்கள் பீறிட்டுப் பாய்கின்றன. சில நொடிகள், மிஞ்சினால் சில நிமிடங்கள், அவ்வளவே. நமது வளிமண்டலம் அவற்றைத் தடுத்துவிடுவதால் விண்ணில் உலவும் தொலைநோக்கிகளே அவற்றைக் காண இயலும். 2009 ஏப்ரல் 23 அன்று ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் அத்தகைய வெடிப்பொன்றைக் கண்டது. ஏறத்தாழ 10 நொடிகள் நீடித்தது. கண்டவுடன் அத்திசை நோக்கித் திரும்பிக்கொண்டு தரைக்கும் செய்தி அனுப்பியது. லா பால்மா தீவிலும் சிலி நாட்டிலும் உள்ள தொலைநோக்கிகள் எஞ்சிய ஒளியைப் பகுத்துத் தொலைவை அளந்தன. அவ்வொளி புறப்பட்டு ஏறக்குறைய 1,300 கோடி ஆண்டுகள் ஆகியிருந்தன! அது பாதி வழியைக் கடந்த பின்னரே நம் பூமி உருவாயிற்று.

நம் நாட்டு அஸ்ட்ரோசாட் கதை இன்னும் வியப்பானது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதிலுள்ள காட்மியம் துத்தநாக டெல்லுரைடுப் படிமக் கருவி, அக்டோபர் 6 அன்று இயக்கப்பட்ட நாளிலேயே ஒரு வெடிப்பைப் பதிவு செய்தது. கருவி நோக்கியிருந்ததோ வேறு திசை! ஆற்றல் மிகுந்த கதிர்களாதலின் பக்கச் சுவர்களை ஊடுருவி உள்ளே வந்துவிட்டன. உரிய நேரத்தில் எவரும் கவனியாத வெடிப்புகள், சேமித்த பதிவுகளைப் பின்னர் ஆராய்ந்தபோது கிடைத்ததும் உண்டு.

இவ்விடத்தில் பேச்சு நின்றது. அன்றிரவு அம்மா ஏதேனும் சொன்னாரா என்று, இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக, அக்காவிடம் கேட்டோம்.

"சொன்னாங்களாமே. நர்சம்மா உன்னை எழுப்ப வந்தப்ப, 'எழுப்பாதீங்க, பையன் தூங்கட்டும்'னாங்களாம்."

ஏன் இதுவரை சொல்லவில்லை என்றோம்.

"நீ கேக்கவே இல்லியே, கண்ணு."

காற்றில் அணைந்திருந்த திரியை அக்கா மீண்டும் ஏற்றினார்.