கண்ணாடி போட்டவர்களுக்கும் கொசு உள்ளான் தெரியும்! எடை குறைந்த ஸ்கோப் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

பறவை பார்க்கப் போகும் கூட்டத்தில் பைனாகுலர் கைமாறும்போது கவனித்துப் பாருங்கள். ஒருவர் வாங்கிக் கண்ணில் வைப்பார். அரை நிமிடம் முன்னும் பின்னும் ஆட்டுவார். "எனக்கு ஒண்ணும் தெரியலைங்க, சுத்தி கறுப்பாத்தான் இருக்கு" என்று சிரித்தபடி திருப்பிக் கொடுத்துவிடுவார். பெரும்பாலும் அவர் மூக்குக்கண்ணாடி போட்டவராக இருப்பார். தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு அடுத்த முறை கேட்கவே மாட்டார். உண்மையில் அவர் கண்ணில் குறையில்லை. அவருக்குப் பொருந்தாத கருவி அவர் கைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தாம்பரத்தை அடுத்த செம்பாக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவருக்கு இந்தச் சிக்கல் 60 வயதுக்கு மேல்தான் பெரிதாகத் தெரிந்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போடுபவர். பள்ளிப் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயரே 'சோடாபுட்டி டீச்சர்'. பணியில் இருந்தபோதே ஞாயிற்றுக்கிழமைகளில் ஷேர் ஆட்டோ பிடித்து, மேடவாக்கம் தாண்டி பள்ளிக்கரணைக்குப் போய்விடுவார். ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்றால் அவர் இல்லாமல் இருக்காது. எண்ணுவது அவருக்குக் கைவந்த கலை.

இரண்டு வருடங்களாக அவர் போகவில்லை. ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் மகள் ஒருநாள் கேட்டே விட்டார்.

"ஏம்மா, இந்த வருஷமும் கணக்கெடுப்புக்குப் போகலையா?"

"எண்ணத் தெரிஞ்சா மட்டும் போதுமா கண்ணு? எதை எண்ணுறோம்னு தெரிய வேண்டாமா? எல்லாம் பொட்டுப் பொட்டாத் தெரியுது. 'உள்ளான் மாதிரி'ன்னு எழுதிட்டு வர எனக்குப் பிடிக்கலை."

அம்மாவின் 60-வது பிறந்தநாளுக்கே ஒரு பெரிய ஸ்கோப் வாங்கித் தந்திருந்தார் மகள். அது பீரோவுக்கு மேலே தூங்கிக்கொண்டிருந்தது. ஏன் என்று அப்போதுதான் இருவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

வேட்டைக்காரர்களின் கருவி

ஸ்பாட்டிங் ஸ்கோப் என்பது ஒற்றைக் கண்ணால் பார்க்கும் சிறிய தொலைநோக்கி. பைனாகுலர் பொதுவாக 8 அல்லது 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். ஸ்கோப் 15 முதல் 60 மடங்கு வரை போகும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மலை ஏறி வேட்டையாடுபவர்கள் இதை அதிகம் வாங்குகிறார்கள். நாள் முழுக்க முதுகில் சுமக்க வேண்டும் என்பதால், எடை குறைந்த ஸ்கோப்புகளுக்கு அங்கே பெரிய சந்தை உண்டு.

நம் ஊரில் வேட்டைக்கு இடமில்லை. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1991-ல் திருத்தப்பட்ட பிறகு வேட்டைக் கதவை முழுவதுமாக மூடிவிட்டது. அதற்குக் கிட்டத்தட்ட இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே செங்கல்பட்டுச் சீமையில் இந்தக் குரல் எழுந்திருக்கிறது. வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர் மக்கள் கலெக்டரிடம் முறையிட்டு, 1798-ல் ஏரிப் பறவைகளுக்குப் பாதுகாப்பு வாங்கினார்கள் என்பது வரலாறு. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 'இந்தியாவின் பறவை மனிதர்' சலீம் அலியும் சிறு வயதில் ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டு, அது என்ன குருவி என்று தேடப் போய்த்தான் பறவையியலுக்குள் வந்தார்.

ஆக, வேட்டைக்காரருக்காகச் செய்த கருவி இங்கே பறவை பார்ப்பவரின் கைக்கு வருகிறது. மலையேறும் வேட்டைக்காரருக்கும், தாம்பரத்தில் மின்சார ரயிலிலும் ஷேர் ஆட்டோவிலும் ஏறி இறங்கும் டீச்சருக்கும் தேவை ஒன்றுதான். சுமக்க முடிய வேண்டும். கண்ணாடியைக் கழற்றாமல் பார்க்க முடிய வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டிய எண்: 'ஐ ரிலீஃப்'

ஸ்கோப் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது '20-60 எக்ஸ்' என்ற எண். கண்ணாடி போட்டவர் அதைத் தாண்டி, கீழே பொடி எழுத்தில் இருக்கும் 'ஐ ரிலீஃப்' என்ற வரியைத் தேட வேண்டும். முழு வட்டமும் தெரிய, ஐபீஸ் லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தூரத்தில் இருக்கலாம் என்பதை அது மில்லிமீட்டரில் சொல்லும்.

கண்ணாடி நம் கண்ணிலிருந்து சுமார் 12 முதல் 14 மில்லிமீட்டர் தள்ளித்தான் உட்கார்கிறது. அதற்குப் பின்னால் ஸ்கோப்பை வைத்தால் அந்த இடைவெளி கட்டாயம். ஸ்கோப்பின் ஐ ரிலீஃப் 12 மில்லிமீட்டர்தான் என்றால், சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் கொஞ்சம்தான் தெரியும். குறைந்தது 15 வேண்டும். 17, 18 இருந்தால் நிம்மதி.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, ஜூம் ஐபீஸில் பெரிதாக்க ஆக்க இந்த எண் குறைவது சகஜம். சிறிய ஜூமில் 18 இருக்கும். பெரிய ஜூமில் 13-க்கு இறங்கிவிடும். விளம்பரத்தில் ஒரே ஒரு எண் போட்டிருந்தால் அது எந்த ஜூமுக்கானது என்று கேளுங்கள். ஜூம் இல்லாத, ஒரே அளவில் பெரிதாக்கும் அகலக் காட்சி ஐபீஸ் கண்ணாடிக்காரர்களுக்கு வசதியாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

இரண்டு, அந்த எண் லென்ஸிலிருந்து அளக்கப்படுவது. லென்ஸ் உள்ளே பதிந்திருந்தால், சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு சில மில்லிமீட்டரைத் தின்றுவிடும். அதனால் காகிதத்தில் ஒரே எண் உள்ள இரண்டு ஸ்கோப்புகள் கண்ணில் வைத்தால் வேறு வேறாகத் தெரியும்.

ஐபீஸைச் சுற்றி இருக்கும் கப்பைத் திருகி ஏற்றவும் இறக்கவும் முடியும். கண்ணாடி போட்டவர் அதை முழுவதும் இறக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். டீச்சரின் பெரிய ஸ்கோப்பில் கப் ஒரு வருடமாக மேலே ஏற்றியே இருந்தது என்பது பிறகு தெரிந்தது. விளிம்பு ரப்பராக இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். கெட்டியான பிளாஸ்டிக் என்றால் கண்ணாடியில் கீறல் விழும்.

கழற்றிவிட்டே பார்த்தால் என்ன?

நியாயமான கேள்வி. கிட்டப்பார்வை, தூரப்பார்வை இரண்டையும் ஃபோகஸ் சக்கரமே சரிசெய்துவிடும். ஆனால், கண்ணாடிச் சீட்டில் 'சிலிண்டர்' என்ற கட்டத்தில் எண் இருந்தால் அதை ஃபோகஸால் சரிசெய்ய முடியாது. அதைப் பார்க்க எளிய வழி உண்டு. கண்ணாடியைக் கழற்றி, கைநீட்டிப் பிடித்து, தூரத்து ஜன்னலை அதன் வழியாகப் பார்த்தபடி மெதுவாகத் திருப்புங்கள். ஜன்னல் சட்டம் சாய்ந்து நெளிந்தால் சிலிண்டர் இருக்கிறது.

சிலிண்டர் சிறியது என்றால் பயமில்லை. ஜூம் கூடக் கூட ஸ்கோப்பிலிருந்து வரும் ஒளிக்கற்றை மெலிந்து, கண்மணியின் நடுப்பகுதி வழியாக மட்டும் போவதால் சிலிண்டர் குறை அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் களத்தில் நடைமுறைச் சிரமம் இருக்கிறது. பறவையை முதலில் வெறும் கண்ணால் கண்டுபிடிக்கக் கண்ணாடி வேண்டும். பிறகு கழற்ற வேண்டும். ஸ்கோப்பில் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் எழுத மறுபடி போட வேண்டும். இதற்குள் பறவை பறந்துவிடும். கண்ணாடி சேற்றில் விழாமல் இருந்தால் அதிர்ஷ்டம்.

பைஃபோக்கல், புரோகிரஸிவ் போட்டவர்கள் ஒன்று செய்ய வேண்டும். கண்ணைத் தாழ்த்திக் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்காமல், தலையையே குனிந்து மேல்பகுதி வழியாகப் பார்க்க வேண்டும். கண்புரை அறுவை செய்து லென்ஸ் வைத்தவர்கள் பலருக்குத் தூரப் பார்வை கண்ணாடி இல்லாமலே தெளிவாக இருக்கும். அவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

பெரிய ஸ்கோப் ஏன் வேண்டாம்?

80 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள ஸ்கோப்புகளில் பல ஒன்றரைக் கிலோவை ஒட்டி இருக்கும். அதைத் தாங்கும் ட்ரைபாடோடு சேர்த்தால் நான்கு கிலோவை நெருங்கும். 50 மில்லிமீட்டர் ஸ்கோப்புகளில் பல ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். சில அரைக் கிலோவை ஒட்டியே வரும்.

"சின்னதுன்னா தூரம் தெரியாதே?" என்பது மகளின் சந்தேகம். கணக்கு டீச்சர் கணக்குப் போட்டே பதில் சொன்னார். லென்ஸின் அகலத்தை ஜூமால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 50-ஐ 20-ஆல் வகுத்தால் 2.5 மில்லிமீட்டர். பகல் வெளிச்சத்துக்குத் தாராளம். 80-ஐ 60-ஆல் வகுத்தால் 1.3 தான். அதாவது, பெரிய ஸ்கோப்பின் முழு ஜூம், சின்ன ஸ்கோப்பின் 20 மடங்கைவிட இருட்டு.

அதற்கும் மேலே சென்னை வெயில் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு மேல் சதுப்பு நிலத்தின் மீது கானல் அலையாடத் தொடங்கிவிடும். ஜூமைக் கூட்டினால் பறவையோடு சேர்த்து அந்த அலையும் பெரிதாகும். 30-க்கு மேல் போட்டாலும் பலன் குறைவு. விடிந்ததும் போய், 20 மடங்கில் நிதானமாகப் பார்ப்பவருக்கே நிறையத் தெரியும்.

ஐபீஸ் சாய்வாக மேல்நோக்கி இருக்கும் மாடலும் உண்டு, நேராக இருக்கும் மாடலும் உண்டு. சாய்வானதில் ட்ரைபாடைத் தாழ்வாக வைத்தாலே போதும். அதனால் சின்ன ட்ரைபாட் சமாளிக்கும். அம்மாவும் மகளும் உயரத்தை மாற்றாமல் மாறி மாறிப் பார்க்கலாம். லேசான ட்ரைபாட் காற்றில் ஆடும் என்பது உண்மைதான். நடுத்தண்டில் இருக்கும் கொக்கியில் தண்ணீர் பாட்டிலோடு பையை மாட்டிவிட்டால் ஆட்டம் அடங்கும்.

மொட்டை மாடிப் பரீட்சை

நிகான், கோவா, வோர்டெக்ஸ், செலஸ்ட்ரான், ஸ்வரோவ்ஸ்கி என்று பல நிறுவனங்கள் சிறிய ஸ்கோப் செய்கின்றன. விலை சில ஆயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். எதை வாங்கினாலும் கண்ணில் வைத்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். ஆன்லைனில் வாங்கினால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இவற்றைச் செய்துவிடுங்கள்.

• வழக்கமாகப் போடும் கண்ணாடியோடு மொட்டை மாடிக்குப் போய், தூரத்துச் செல்போன் டவரையோ கடைப் பலகையையோ பாருங்கள். காட்சி வட்டத்தின் விளிம்பு நாலாபக்கமும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

• ஜூமை முழுவதும் கூட்டி மறுபடி பாருங்கள். விளிம்பு எங்கே மறையத் தொடங்குகிறதோ அதுதான் உங்கள் கண்ணாடிக்கான எல்லை.

• தலையைக் கொஞ்சம் அசையுங்கள். உடனே காட்சி கறுத்துப்போனால் அந்த ஐபீஸ் உங்களைப் படுத்தும்.

• தண்ணீர் புகாத, உள்ளே நைட்ரஜன் வாயு நிரப்பிய மாடலாக இருக்கட்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். பீரோவுக்கு மேலே வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள்.

• சூரியனை ஒருபோதும் பார்க்கக் கூடாது. அக்கம்பக்கத்து ஜன்னல் பக்கம் திருப்பவே கூடாது. தாம்பரம் விமானப்படைத் தளம், மீனம்பாக்கம் விமான நிலையம் இவற்றின் ஓரத்தில் ஸ்கோப்பை வெளியே எடுக்காமல் இருப்பதே நல்லது.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

பள்ளிக்கரணை ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்திருந்த சதுப்பு நிலம். குப்பைமேடு, சாலைகள், கட்டடங்கள் என்று சுருங்கிப்போனது. 2007-ல் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சார் தகுதி பெற்றது. இப்படிப்பட்ட இடத்துக்காக வாதாட வேண்டிய நேரத்தில், இங்கே எந்தப் பறவை எத்தனை வந்தது என்ற பல வருடக் கணக்குதான் கையில் இருக்கும் ஆதாரம். அந்தக் கணக்கை வைத்திருப்பவர்களில் பலர் தலைநரைத்தவர்கள், கண்ணாடி போட்டவர்கள். பத்து வருடத்துக்கு முன்பு இதே தண்ணீரில் எது இருந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு கருவி பொருந்தாததால் அவர்கள் வீட்டில் உட்கார்ந்துவிட்டால், அந்த நினைவும் சேர்ந்தே உட்கார்ந்துவிடுகிறது.

கொசு உள்ளான் சிட்டுக்குருவி அளவே உள்ள பறவை. ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இந்தச் சேற்றை நம்பி வருகிறது. பொரி உள்ளானும் நெடுங்கால் உள்ளானும் மேயும் கூட்டத்தில், இருநூறு மீட்டருக்கு அப்பால் அது இருப்பதைச் சொல்லத் தெளிவான பார்வை வேண்டும்.

பெரிய ஸ்கோப் இப்போது டீச்சர் வேலை பார்த்த பள்ளியின் இயற்கைக் குழுவிடம் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தோள் வலிப்பதில்லை. டீச்சரின் ஜோல்னாப் பையில் 50 மில்லிமீட்டர் ஸ்கோப் ஒன்று வந்துவிட்டது. ஜனவரியில் அவர் கொண்டுவந்த தாளில் 'உள்ளான் மாதிரி' என்று ஒரு வரிகூட இல்லை. இனம் இனமாகப் பிரித்து எழுதியிருந்தார். கொசு உள்ளானுக்கு எதிரே இருந்த எண்ணின் கீழே, விடைத்தாள் திருத்திய பழக்கத்தில், சிவப்பு மையில் ஒரு கோடு.