ரேடியோவில் பார்த்த கிரிக்கெட்

நேத்து பேரையூர் டீக்கடையில் ஐபிஎல் ஓடிக்கொண்டிருந்தது. தமிழ் வர்ணனை. "ஆர்.ஜே. பாலாஜி பேசுனாத்தான்ணே மேட்ச் களை கட்டும்" என்றான் ஒரு தம்பி. "பத்ரிநாத் சொல்றதுல விஷயம் இருக்கும்" என்றான் இன்னொருவன். மூலையில் இருந்த பெரியவர் ஒருவர், "அப்துல் ஜப்பாரக் கேட்டிருக்கீங்களாடா?" என்றார். பயல்களுக்கு யாரென்றே தெரியவில்லை.

எனக்குத் தெரியும், ரேடியோவில் தமிழில் கிரிக்கெட் வர்ணனை சொன்னவர். எங்கள் வீட்டில் அப்பா ஜப்பார் கட்சி, சித்தப்பா இன்னொரு வர்ணனையாளரான ராமமூர்த்தி கட்சி. ஜப்பார் வானொலி நாடகத்தில் ஊறியவர், சாத்தான்குளத்துக்காரர். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டுமுன் அவர் குரல் தாண்டிவிடும். "ஏத்திச் சொல்றாருண்ணே, ஸ்கோரைச் சொல்லச் சொல்லு" என்பார் சித்தப்பா. அம்மாவுக்குக் கூத்தபிரான். பிள்ளைகள் நிகழ்ச்சி நடத்திய 'வானொலி அண்ணா' கிரிக்கெட்டும் சொல்கிறாரே என்று அவளுக்கு ஆச்சரியம்.

டிவியில் படம் இருக்கிறது. பேசுபவர் அரட்டை அடித்தாலும் ஒன்றும் குடிமுழுகாது. ரேடியோவில் சொன்னால்தான் உண்டு. ஃபீல்டர் எங்கே நிற்கிறார், பந்து எந்தப் பக்கம் போனது, எல்லாம் அந்த வாயிலிருந்துதான் வரவேண்டும். மட்டையாளர், மித வேகப் பந்துவீச்சு என்ற சொற்களெல்லாம் எனக்கு அந்தப் பெட்டி கொடுத்தவைதான். பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

ஜப்பார் 2020 டிசம்பரில் காலமானார்.

உங்கள் வீட்டில் யார் கட்சி? கமெண்டில் சொல்லுங்க மக்களே.