பத்தடி தள்ளிப் போன கூரை

வீட்டில் ஓர் அறை கூடுதலாகக் கட்டப் போகிறோம் என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லிப் பாருங்கள். அன்றைக்கே உங்கள் உறவினர் அத்தனை பேரும் இன்ஜினீயர்களாகி விடுவார்கள்!

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் மாமனார் 1961-ல் கட்டிய வீடு எங்களுடையது. 30 அடி நீளம், 20 அடி அகலம். மேலே மங்களூர் ஓடு. பாசல் மிஷன்காரர்கள் 1865-ல் மங்களூரில் தொழிற்சாலை வைத்து ஆரம்பித்த ஓடு அது. பிறகு தென்னாடு முழுவதும் கூரை ஏறிவிட்டது. எங்கள் கூரை நாலு பக்கமும் சரிந்து இறங்குவது. முக்கோணமாக உயர்ந்து நிற்கும் பக்கச் சுவர் கிடையாது. நாலு மூலையிலிருந்தும் மூலைக் கைமரங்கள் ஏறிப் போய், நடுவில் மோட்டுவளையின் இரண்டு நுனிகளையும் பிடித்துக்கொள்ளும்.

அத்தைக்கு வயது எழுபத்தெட்டு. முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை. குளியலறையோ கொல்லைப்புறத்தில். பட்டணத்தில் எங்களோடு இருங்கள் என்றால், மூன்றாம் நாளே "ஊருக்கு எப்போ?" என்று ஆரம்பித்துவிடுவார். ஆகவே குளியலறையோடு ஓர் அறை சேர்ப்பது என்று 2019-ல் தீர்மானித்தோம்.

கொழுந்தனார், "எல்லாவற்றையும் இடித்துத் தளம் போட்டுவிடலாம்" என்றார். நாத்தனார் வீட்டுக்காரர், "எதற்குச் செலவு? ஓரமாக ஒரு சாய்ப்பு இறக்கு" என்றார். என் கணவர் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு, மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார்.

அத்தை மட்டும் ஒரே வார்த்தையில் முடித்தார்: "அவர் போட்ட கூரையில் யாராவது கை வைத்தால், நான் இந்த வாசற்படி மிதிக்க மாட்டேன்."

இது வெறும் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரணியம் பக்கம் கரையேறியதே, அந்த இரவு முழுவதும் அத்தை இந்தக் கூரைக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார். தெருவில் தகரங்களும் சிமெண்டு ஷீட்டுகளும் பறந்தன. எங்கள் வீட்டிலும் இறவாண ஓடுகள் நிறையப் போயின. ஆனால் ஒரு கைமரம்கூட அசையவில்லை. காற்று முட்டி மோதித் தள்ளுவதற்கு நிமிர்ந்த சுவர் கிடைக்காததால், நாலு பக்கச் சரிவில் அது வழுக்கிப் போய்விடுகிறது. அப்படிக் காத்த கூரையைப் பிரிக்கலாம் என்றால் அவருக்கு எப்படி இருக்கும்?

கடைசியில் வந்து சேர்ந்தார் கிழவர் ஆசாரி. அவர் யாரோடும் வாதம் பண்ணவில்லை. "அம்மா, கொஞ்சம் ரவை கொண்டு வாங்க" என்றார். உப்புமா கேட்கிறாராக்கும் என்று நினைத்தேன். அவரோ ஓர் அட்டையை 3-க்கு 2 என்ற கணக்கில் வெட்டி, ஒரு கிண்ணத்தின்மேல் வைத்து, ரவையைப் பொழிந்தார். ஓரங்களில் வழிந்தது போக மீதி குவிந்து நின்றது பாருங்கள், அச்சாக எங்கள் கூரை! நாலு சரிவு, நடுவில் ஒரு முகடு. நீளத்தில் அகலம் போனால் மிச்சம்தான் முகடு: 30-ல் 20 போனால் 10 அடி.

அடுத்து, 'ட' எழுத்து மாதிரி மூலை திரும்பிய அட்டை ஒன்றை வெட்டினார். இப்போது இரண்டு சரிவுகள் சந்திக்கும் உள்மூலையில் ஒரு பள்ளம் விழுந்தது. "இதுதான் கூடுவாய், பெரியம்மா. இரண்டு கூரைத் தண்ணியும், வேப்பஞ்சருகும் இங்கேதான் சேரும். ஒழுகினால் முதலில் இங்கேதான் ஒழுகும். பக்கவாட்டில் அறை வேண்டாம்."

சாய்ப்பு யோசனைக்கும் பதில் வைத்திருந்தார். எங்கள் கூரையின் சரிவு பத்தடிக்கு ஏறக்குறைய ஆறடி. அதே சரிவில் இறவாணத்திலிருந்து இன்னும் பத்தடி இறக்கினால், கடைசிச் சுவர் முழங்கால் உயரத்தில் வந்து நிற்கும். சரிவைக் குறைத்தாலோ ஓட்டுக்கடியில் தண்ணீர் ஏறும்.

மூன்றாவது அட்டை, 4-க்கு 2. அதே குவியல்தான்; முகடு மட்டும் நீண்டிருந்தது. "பெரியம்மா, கிழக்கே பத்தடி நீட்டினால் முகடு இருபதடியாகும். ஆனால் கிழக்குச் சரிவு அதே அளவு. மூலைக் கைமரம் ரெண்டும் அதே நீளம். ஐயா போட்ட மரமும் ஓடும் எங்கேயும் போகாது. பத்தடி தள்ளி உட்காரும், அவ்வளவுதான். புதுசு எல்லாம் நடுவிலே வரும்."

அத்தை அந்த ரவைக் குவியலையே வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நம்பர் போட்டுப் பிரிப்பாயா?" என்று கேட்டார். சம்மதம் என்று நாங்கள் புரிந்துகொண்டோம்.

மூன்று புதுச் சுவர்களும் எழும்பிக் காய்ந்த பிறகுதான் ஆசாரி ஏணி வைத்தார். ஒவ்வொரு மரத்திலும் சுண்ணாம்புக் கட்டியால் எண் எழுதி இறக்கினார். மோட்டுவளையின் புது நுனி, பழைய கிழக்குச் சுவருக்கு நேர் மேலே வந்தது. அந்தச் சுவரிலிருந்தே குத்துக்கால் கொடுத்துத் தாங்கினார். கைமரங்களை இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைத்து, இறவாண ஓடுகளைக் கம்பியால் கட்டினார். கூரை திறந்து கிடந்த இரண்டாம் இரவு கோடை மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு! எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து டார்ச் அடித்து அத்தைதான் மேற்பார்வை.

புது ஓடு 400-க்கு மேல் தேவைப்பட்டது. இந்த இடத்தில் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ஓடு வாங்கக் கிளம்பும்போது வீட்டு ஓடு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை பள்ளமும் பல்லும் மாறும்; பொருந்தாத ஓட்டின் இடுக்கில் மழை கட்டாயம் நுழையும். இடித்த வீட்டு ஓடாகக் கிடைத்தால் இன்னும் நல்லது.

இன்றைக்கும் தெருவிலிருந்து பார்த்தால் தெரியும். இரண்டு கோடியிலும் கறுத்த பழைய ஓடு. நடுவே சிவப்பாக ஒரு பட்டை. புதியவர்களை நடுவில் உட்கார வைத்து, இரு பக்கமும் பெரியவர்கள் பிடித்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது.

முதல் ஐப்பசி மழையன்று, புது அறைக் கட்டிலில் படுத்திருந்த அத்தை காதைக் கொடுத்துக் கேட்டார்.

"சத்தம் அதேதான்" என்றார். பிறகு, "காபி ஆறிப்போச்சு, வேறே கொண்டா" என்றார்.