நாத்து விட்டது யாரு?

போன தைப்பூசத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். திருவிடைமருதூர் தேரடிப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்ச். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஃபுட்பால் ஆடிய நாலு பேர் சிக்கினார்கள். எல்லோருக்கும் முடி குறைந்து வயிறு வளர்ந்திருந்தது. முதல் டீ முடிவதற்குள் பழைய சண்டை ஆரம்பித்துவிட்டது. எங்களுக்கு பி.டி. சாராக இருந்த ரெண்டு பேரில் யார் பெரிய ஆள்?

‘‘இதுல என்னடா சந்தேகம்? ரெண்டாவது சார்தான். கப்பு வாங்கிக் கொடுத்தது யாரு?’’ என்றேன். முப்பது வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஊரிலேயே தங்கி விவசாயம் பார்க்கிற நண்பன் டம்ளரைக் கீழே வைத்தான். ‘‘கப்பு சரிடா. நாத்து விட்டது யாரு?’’

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

முதல் சார் வந்தபோது எங்களுக்கு மைதானமே கிடையாது. சம்பா அறுத்த வயலில், அரிதாள் காலைக் குத்தக் குத்த ஓடவிட்டார். ஆறாம் வகுப்புப் பொடியன்களான எங்களைப் பொறுக்கியெடுத்தார். ஒரு வருஷம் பந்தை ஓங்கி உதைக்கவே விடவில்லை. வருகிற பந்தைக் காலில் நிறுத்தணும், பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுக்கணும். அவ்வளவுதான் பாடம். ஜோனல் மேட்ச்களில் வரிசையாகத் தோற்றோம். ‘தோத்தாங்குளி வாத்தியார்’ என்று ஊர் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். மூணே வருஷத்தில் மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்த சார் வந்த ரெண்டாவது வருஷம் நாங்கள் பத்தாம் வகுப்பு. கப்பு வந்தது. மாலை யாருக்கு விழுந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. இந்திய ஃபுட்பால் அணியைப் பாருங்கள். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சையத் அப்துல் ரஹீம் 1950-ல் கோச் ஆனார். 1951 ஆசிய விளையாட்டில் தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962 ஜகார்த்தாவில் மறுபடி தங்கம். அந்த ஃபைனலில் தென் கொரியா மட்டுமா எதிரி? இந்தியா மேல் கோபத்தில் இருந்த ஸ்டேடியமே எதிரி. தலையில் அடிபட்டிருந்த டிஃபெண்டர் ஜர்னைல் சிங்கை முன்வரிசைக்கு அனுப்பினார் ரஹீம். அவர் ஒரு கோல், பி.கே.பானர்ஜி ஒரு கோல். 2-1. கோல் கம்பத்தைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். அடுத்த ஜூனில் ரஹீம் புற்றுநோயில் இறந்துபோனார்.

1964-ல் ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம் பிடித்தது. அப்போது கோச் ஹாரி ரைட். ஆனால், கேப்டன் யார்? ரஹீமின் 1962 கேப்டன் சுனி கோஸ்வாமி! பிறகு 1970-ல் பாங்காக்கில் ஒரு வெண்கலம். ஆசிய விளையாட்டு ஃபுட்பாலில் நமக்குக் கிடைத்த கடைசிப் பதக்கம் அதுதான். பழைய விளைச்சல் தீர்ந்தது. புதிதாக நாத்து விட ஆளில்லை.

நம் காலத்துக்கே வருவோம். 2015 மார்ச்சில் உலக ரேங்கிங்கில் 173-வது இடத்தில் இருந்த இந்தியா, ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் கையில் 2017 ஜூலையில் 96-க்கு வந்தது. 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1 என்று அடித்தது. பஹ்ரைனிடம் கடைசி நிமிஷ பெனால்டியில் தோற்று வெளியேறியதும் அவர் ராஜினாமா செய்தார். அடுத்து வந்த இகோர் ஸ்டிமாக் 2021, 2023 தெற்காசியக் கோப்பைகளை ஜெயித்தார். ஆனால், 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை. ஜூனில் அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் கோல் அடித்துக் கொடுத்த சுனில் சேத்ரி, இந்தியாவுக்காக முதலில் ஆடியது 2005-ல். அவரைக் கண்டெடுத்தது இவர்கள் யாரும் இல்லை.

பி.காம். படித்த புத்தி எனக்கு. ஒரு வருஷ லாபத்தை வைத்துக் கடையை எடை போடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். பேலன்ஸ் ஷீட்டைப் பார்க்கணும். வந்தபோது கையிருப்பு என்ன, போகும்போது விட்டுப்போனது என்ன? அதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேனே தவிர, எங்கள் சாருக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

எங்கள் ஊர் கோயிலில் கிழக்கு வாசலில் நுழைந்தால் அதே வழியாகத் திரும்ப மாட்டோம். வரகுண பாண்டியனைப் பிடித்த பிரம்மஹத்தி அங்கே காத்திருக்கிறது என்பது ஐதீகம். கோச்சுகளும் அப்படித்தான். மாலையோடு ஒரு வாசலில் வருவார்கள், சத்தமில்லாமல் இன்னொரு வாசலில் போவார்கள். பழி மட்டும் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும், அடுத்தவரைப் பிடிக்க.

மறுநாள் கும்பகோணம் போய் முதல் சாரைப் பார்த்தேன். எண்பதைத் தாண்டிவிட்டார். காது மந்தம். என்னைப் பார்த்ததும், ‘‘இடது கால்ல பந்து நிக்காதே உனக்கு!’’ என்றார். நினைவு இருக்கிறது!

‘‘சார், அந்தக் கப்பு உங்களாலதான்...’’ என்று இழுத்தேன். முப்பது வருஷக் கடன்.

கையைக் காட்டி நிறுத்தினார். ‘‘அட போப்பா. எனக்கு முன்னாடி இருந்தவர் கமிட்டியோட சண்டை போட்டு ரெண்டு பந்து வாங்கி வெச்சிட்டுப் போனார். அந்தப் பந்து இல்லேன்னா நான் உங்களுக்கு எதைச் சொல்லிக் கொடுத்திருப்பேன்?’’

அவருக்கு முன்னாலும் ஒருவர் இருந்தார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

‘‘அவர் பேர் என்ன சார்?’’ என்று காதருகே குனிந்து சத்தமாகக் கேட்டேன்.